"அது பொய்ச் சண்டை" என்று சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நோன்பு லீவுதானே, இஃப்தாருக்கு நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

முந்தாநாள் ரெஸில்மேனியா 40 போஸ்டரை என் பக்கத்தில் போட்டு, "இந்த முறையாவது கோடி ரோட்ஸ் கதையை முடிப்பாரா?" என்று ஒரு வரி எழுதினேன். அதற்குக் கீழே வந்த சிரிப்பு முகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "சேர், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நீங்களுமா இந்தப் பொய்ச் சண்டையப் பாக்குற?" என்று ஒருவர். "வயசுக்கேத்த வேலையப் பாருங்க சேர்" என்று இன்னொருவர். நான் மதிக்கிற ஒரு காக்கா கோல் எடுத்து, "தம்பி, அதெல்லாம் நாடகம் எண்டு உங்களுக்குத் தெரியாதா?" என்று உண்மையிலேயே கவலையோடு கேட்டார்.

தெரியும் காக்கா. இருபது வருடமாகத் தெரியும். அந்தக் கம்பனியே 1989இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில செனட்டில், இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டது. போட்டி என்றால் விளையாட்டுச் சபையின் கட்டுப்பாடும் வரியும் வரும், அதிலிருந்து தப்பத்தான் சொன்னார்கள். ஆக, நம்மவர்கள் இன்றைக்கும் பெரிய இரகசியம்போல என் காதில் சொல்லும் விடயம் 35 வருடப் பழசு.

எனக்குக் கோபம் சிரித்ததில் இல்லை. "பொய்" என்ற அந்த ஒரு சொல்லில்தான். ஏன் என்று சொல்ல, முதலில் என் பிழையைச் சொல்ல வேண்டும்.

பெப்ரவரி மாதம், நோன்பு லீவு விடுவதற்கு முன், எட்டாம் வகுப்பில் ஒரு பாடம் முடிந்து அடுத்த மணி அடிக்க இரண்டு மூன்று நிமிடம் இருந்தது. பின் வாங்கில் இரண்டு பொடியன்மார் ரொக்கா கோடியா என்று வாக்குவாதம். ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், ரெஸ்லிங் உண்மையா பொய்யா?"

வகுப்பே என்னைப் பார்த்தது. எனக்கு ஒரு நிமிடம் வாய் துடித்தது. எவ்வளவோ சொல்லலாம். ஆனால் விறாந்தையில் அதிபர் போய்க்கொண்டிருந்தார். ஒரு வாத்தியார் இதற்கெல்லாம் ரசிகன் என்று தெரிந்தால் மரியாதை போய்விடும் என்ற பயம். சொன்னேன்: "அதெல்லாம் பொய்டா. நடிப்பு. ஒருத்தருக்கும் நோகாது. படிக்கிற வேலையப் பாருங்க."

நாலு நாள் கழித்து, இடைவேளையில், வகுப்புக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் அந்த இருவரில் ஒருவன் மற்றவனைத் தோளுக்கு மேல் தூக்கிப் போட்டான். விழுந்தவனுக்குக் காறையெலும்பு உடைந்தது. தலை அடிபடாதது அல்லாஹ்வின் காவல்.

"ஏன்டா இப்படிச் செஞ்ச?" என்று தூக்கிப் போட்டவனிடம் கேட்டேன். அவன் அழுதுகொண்டே சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "நீங்கதானே சேர் சொன்னீங்க, ஒருத்தருக்கும் நோகாது எண்டு."

விழுந்த பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். வாப்பா கட்டாரில். உம்மா தேத்தண்ணி தந்து, என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அது பொய்ச் சண்டதானே சேர், நானும் எத்தின தரம் சொல்லிட்டன், இவனுகளுக்கு வெளங்குதில்ல" என்றார். அந்தத் தேத்தண்ணி எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை. அவனுக்கு நன்றாகத்தான் விளங்கியிருந்தது. உம்மாவும் சொன்னார், சேரும் சொன்னார், நோகாது என்று. நோகாத ஒன்றைச் செய்து பார்க்க ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஏன் பயப்பட வேண்டும்?

ஆகவே இந்தப் பதிவு ரெஸ்லிங்குக்கு வக்காலத்து மட்டுமல்ல. "பொய்" என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டுப் போகிற நம் எல்லோருக்கும், முதலில் எனக்கும், எதிரான பதிவு.

எது எழுதப்பட்டது, எது எழுதப்படாதது என்று பிரித்துப் பார்ப்போம்.

யார் வெல்வது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. யாருக்கு யார் பகை என்பதும் எழுதப்படுகிறது. ஆனால் ஆறடிக்கு மேல் உயரமும் நூறு கிலோவுக்கு மேல் எடையும் உள்ள மனிதன் மேலேயிருந்து கீழே விழும்போது புவியீர்ப்புக்கு அந்தக் கதை தெரியாது. அந்த மேடை மெத்தை இல்லை. இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய ஸ்பொன்ஞ், அதன் மேல் கன்வஸ் துணி. அவ்வளவுதான். விழுவதை மாதக் கணக்கில் பழகுகிறார்கள். நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, தலை தரையில் படாமல், முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி, கைகளால் தரையை அடித்து அதிர்ச்சியைப் பரப்பி விழ வேண்டும். தூக்கப்படுகிறவன் தானும் துள்ளி உதவுகிறான். தூக்குகிறவன் மற்றவனின் கழுத்தைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறான். அது சண்டை இல்லை, உண்மை. ஒருவன் உயிரை ஒருவன் நம்பிக் கொடுப்பது அது.

நம் ஊர்ப் பொல்லடியைப் பாருங்கள். யார் எந்தப் பக்கம் திரும்புவது, எந்தத் தட்டுக்கு எந்தத் தட்டு என்று எல்லாம் அண்ணாவியார் பழக்கியதுதான். அதற்காக அந்தப் பொல்லு பொய்யா? ஒரு தாளம் பிந்தினால் விரல் மொழி உடையும். பெருநாளைக்குப் பொல்லடி பார்த்துவிட்டு "சேச்சே, இது முன்னமே பேசிவைத்த அடி" என்று யாராவது எழும்பிப் போயிருக்கிறோமா?

பழகியவர்களுக்கே என்ன நடந்தது என்று பாருங்கள்.

1997 ஓகஸ்டில் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஒஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து இறக்கும் ஒரு பிடியில் சிறிய பிழை. ஒஸ்டினின் கழுத்து போனது. கொஞ்ச நேரம் கை கால் அசையவில்லை. 2003இல் அவர் ஓய்வு பெற அந்தக் கழுத்துத்தான் பெரிய காரணம். அந்தப் பிடியைப் பிடித்தவர் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை. ஓவன் ஹார்ட். பரம்பரையாக மல்யுத்தம் பழகிய கனடாக் குடும்பத்துப் பிள்ளை.

அதே ஓவன் ஹார்ட் 1999 மே 23, கன்சாஸ் சிற்றி அரங்கில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்குவதாக இருந்த காட்சியில், கொழுவி விடுபட்டுக் கீழே விழுந்து மரணித்தார். வயது 34. நிகழ்ச்சியை நிறுத்தவில்லை, தொடர்ந்து நடத்தினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் ட்ரோஸ் என்ற வீரர் ஒரு பவர்பொம்பில் பிழையாக விழுந்து கழுத்துக்குக் கீழ் உணர்விழந்தார். போன வருடம் ஜூனில் காலமாகும்வரை 23 வருடத்துக்கு மேல் சக்கர நாற்காலியும் கட்டிலும்தான் அவருக்கு.

இதில் எது பொய்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஏன் இதை விட்டேன், ஏன் திரும்பி வந்தேன் என்று.

எங்கள் காலத்தில் ட்ரம்ப் காட்ஸ்தான் சொத்து. அண்டர்டேக்கர் காட் வைத்திருந்தவன் வகுப்பில் ராசா. உயரம், எடை, நெஞ்சளவு எல்லாம் எனக்கு அட்டையைப் பார்க்காமல் சொல்ல வரும். வாய்ப்பாடு வராது. கேபிள் இருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்து பார்ப்போம். 2004இல் ரெஸில்மேனியா 20 முடிவில் கிறிஸ் பென்வாவும் எடி கரேரோவும் இரண்டு சம்பியன் பட்டிகளோடு கட்டிப்பிடித்து அழுதபோது, நானும் அழுதேன். இருவரும் உயரமில்லாத, கம்பனியின் செல்லப்பிள்ளைகளாக இல்லாத, உழைத்து வந்த ஆட்கள். பென்வாவின் படம் என் மேசைக்கு மேல் ஒட்டியிருந்தது.

அடுத்த வருடம் நவம்பரில் எடி ஒரு ஹோட்டல் அறையில் இதயம் நின்று காலமானார். வயது 38. 2007 ஜூனில் பென்வா தன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்று, தன்னையும் முடித்துக்கொண்டார்.

படத்தைக் கிழித்தேன். அதன் பிறகு பல வருடம் பார்க்கவில்லை. பென்வாவின் மூளையை ஆராய்ந்த வைத்தியர்கள், திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டதால் அது மிக மோசமாகச் சேதமடைந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். அது அவர் செய்த கொலைக்கு மன்னிப்பாகாது. ஒரு சின்னப் பிள்ளையின் உயிருக்கு எந்த அறிக்கையும் ஈடாகாது. ஆனால் மேல் கயிற்றிலிருந்து தலையால் பாய்ந்து விழுவதை நாங்கள் கைதட்டி ரசித்தோமே, அந்தத் தலை உண்மைத் தலை. அன்றைக்குத் திண்ணையில் எங்களுக்குப் பின்னால் இருந்த பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? "பொய்டா அது." அவர்களில் ஒருவர், "பாவம்டா, அந்தாள்ட தலைக்கு என்னாகும்?" என்று கேட்டிருந்தால் நாங்கள் வேறு விதமாகப் பார்த்திருப்போம்.

அந்தக் கம்பனி 2010இல்தான் கதிரையால் தலையில் அடிப்பதைத் தடை செய்தது. தலைகீழாக இறக்கும் அந்தப் பிடியையும் ஒன்றிரண்டு பேரைத் தவிர மற்றவர்களுக்கு நிறுத்தியது. பொய்க்கு யாராவது தடை போடுவார்களா?

திரும்பி வந்தது 2022 ஜூனில். அந்த ஜூன் எப்படிப்பட்ட ஜூன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டு, பெற்றோல் பவுசர் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பகல். பக்கத்தில் நின்ற பொடியன் போனை நீட்டினான். "சேர், இந்தாள்ட நெஞ்சப் பாருங்களே."

கோடி ரோட்ஸ். வலது நெஞ்சுத் தசை எலும்பிலிருந்து கிழிந்து, நெஞ்சும் மேற்கையும் கத்தரிக்காய் நிறத்தில். அந்த உடம்போடு 20 நிமிடத்துக்கு மேல் கூண்டுக்குள் சேத் ரொலின்ஸோடு மோதினார். அந்த நிறத்தை மேக்கப் என்று சொல்ல வரிசையில் நின்ற ஒருவருக்கும் வாய் வரவில்லை. பிறகு சத்திரசிகிச்சை, மாதக் கணக்கில் ஓய்வு.

இதைப் பிள்ளைகளுக்கு வீரம் என்று காட்டச் சொல்லவில்லை. எனக்கே அதில் இன்றுவரை இரண்டு மனம். அந்த நிலையில் ஒருவரை மேடையேற விட்டது சரியா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அன்று எனக்குள் பழைய திண்ணை திரும்பி வந்தது.

அவருடைய கதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருடைய வாப்பா டஸ்டி ரோட்ஸ். பிளம்பரின் மகன். தொந்தியும் கொன்னைப் பேச்சும் உள்ள, கட்டுடல் இல்லாத ஆள். 80களில் வேலையிழந்த மில் தொழிலாளிகளின் கஷ்டத்தை ரெஸ்லிங் மைக்கில் பேசி அவர்களின் ஆளாக ஆனவர். வேறு கம்பனிகளில் சம்பியன். இந்தக் கம்பனியின் பெரிய பட்டி மட்டும் கிடைக்கவில்லை. 1977இல் நியூ யோர்க்கில் மெட்ச்சை வென்றார். எதிராளி வெளியே நின்று எண்ணிக்கையில் தோற்றதால் பட்டி கைமாறவில்லை. பிறகு இதே கம்பனிக்கு வந்தபோது மஞ்சள் புள்ளிச் சட்டை போட்டுக் கோமாளி ஆக்கினார்கள். 2015இல் காலமானார்.

மகன் கோடிக்கும் இங்கே உரிய இடம் கிடைக்கவில்லை. 2016இல் வேலையை விட்டு வெளியேறி, சின்னச் சின்ன மண்டபங்களில் மோதி, 2019இல் போட்டிக் கம்பனி ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 2022இல் திரும்பி வந்து, "வாப்பாவுக்குக் கிடைக்காத பட்டி எனக்கு வேணும்" என்றார். போன வருட ரெஸில்மேனியாவில் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்றார். இந்த வருடம் மறுபடி ரோயல் ரம்பிளை வென்றார். அப்போதுதான் த ரொக் வந்தார். ஹொலிவூட் நடிகர், ஜனவரியில்தான் தாய்க் கம்பனியின் பணிப்பாளர் சபைக்கும் வந்தவர். கோடியின் இடம் அவருக்குப் போவதுபோல் கதை திரும்பியது. ரசிகர்கள் விடவில்லை. யூடியூபில் டிஸ்லைக் மழை, அரங்கெல்லாம் "எங்களுக்குக் கோடி வேணும்" என்ற சத்தம். ஒரு வாரத்துக்குள் கதை மாறியது. கோடிக்கு இடம், ரொக் வில்லன். போன வாரம் சிக்காகோவில் மழைக்குள் கோடியை இரத்தம் வர அடித்தார்.

மூன்றரை வருடத்துக்கு மேல் பட்டியை வைத்திருந்த ரெய்ன்ஸும் சும்மா ஆள் இல்லை. 2018இல் லுகேமியா திரும்ப வந்துவிட்டது என்று மேடையிலேயே சொல்லி, பட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய், சில மாதத்தில் திரும்பி வந்தவர்.

முடிவு எழுதப்பட்டிருக்கும். தெரியும். ஆனால் அதை எழுதுகிறவன்கூட கூட்டத்துக்குப் பயந்து எழுத வேண்டியிருக்கிறது. வேலையில் மதிக்கப்படாமல் வெளியே போய், தன்னை நிரூபித்துத் திரும்பி வந்து, மேலிடத்துச் சொந்தக்காரன் குறுக்கே வந்தும் விடாமல் நிற்கிற ஒரு மனிதன். இந்தக் கதை இலங்கையில் இடமாற்றத்துக்கும் பதவி உயர்வுக்கும் அலைந்த எந்த வாத்தியாருக்கும் விளங்கும்.

இனி உங்கள் வாதங்களுக்கு வருகிறேன்.

"உடுப்பு, ஏச்சு, வன்முறை, நேர வீணடிப்பு" என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். நான் ஆலிம் இல்லை, மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. சவூதியில் ஜித்தாவிலும் றியாத்திலும் இவர்கள் நிகழ்ச்சி நடத்துவதால் எல்லாம் சரி என்று வாதாடவும் வரவில்லை. ஒரு பெற்றோர், "இந்தக் காரணங்களுக்காக என் பிள்ளை பார்க்கக் கூடாது" என்றால் அது நேர்மையான பேச்சு. அந்தப் பேச்சைப் பிள்ளையோடு இருந்து பேசுங்கள். "பொய்" என்று சொல்வது அந்தப் பேச்சைப் பேசாமல் தப்பும் வழி. நானும் அந்த வழியால்தான் தப்பினேன்.

பொய்யைப் பற்றி நமக்கு அவ்வளவு வெறுப்பா? இரவு எட்டு மணிக்கு மேல் எந்த வீட்டில் சீரியல் ஓடவில்லை? ஒரு கதாநாயகன் இருபது பேரை ஒற்றைக் கையால் பறக்க விடும்போது யார் எழும்பிப் போனோம்? உதைபந்தில் தொடாமலே உருண்டு பெனால்டி வாங்கும் கோடீஸ்வரனுக்கு ஜேர்சி வாங்கிப் போடுகிறோம். நம் அரசியல்வாதிகள் பகலில் மேடையில் ஒருவரை ஒருவர் கிழிக்கிறார்கள், இரவில் அதே ஆட்கள் கல்யாண வீட்டில் ஒரே சஹனில் கை வைக்கிறார்கள். அவர்களுக்காக நாம் சொந்தத்தோடு பேச்சை நிறுத்திவிட்டு இருக்கிறோம். ரெஸ்லிங் ரசிகனுக்காவது அது எழுதப்பட்டது என்று தெரியும்.

"பொய்" என்று ஒதுக்கியதால் நாம் இன்னொன்றையும் தவறவிட்டோம். 2004, 2005இல் முகம்மத் ஹசன் என்று ஒரு பாத்திரம் வந்தது ஞாபகமா? அரபு அமெரிக்கர் வேடம். நடித்தவர் இத்தாலிய வம்சாவளி. 2001 செப்டம்பருக்குப் பிறகு தன்னைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்று அந்தப் பாத்திரம் பேசியது. திண்ணையில் நாங்கள், "நம்மட ஆள்" என்று கைதட்டினோம். அவன் வெறுக்கப்படுவதற்காகவே எழுதப்பட்டவன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. 2005 ஜூலையில் முகமூடி போட்ட ஆட்கள் அவனுக்காக அண்டர்டேக்கரைத் தாக்கும் காட்சி அமெரிக்காவில் ஒளிபரப்பானது. லண்டன் குண்டுவெடிப்பு நடந்த அதே நாள். எதிர்ப்பு வந்தது, சில வாரங்களில் அந்தப் பாத்திரத்தையே இல்லாமல் ஆக்கினார்கள்.

நியாயம் கேட்கிற முஸ்லிம் பெயர்க்காரன் கடைசியில் பயங்கரவாதியாகத்தான் முடிவான் என்று கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடந்தது. அதில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பாடத்தில் எது பொய், யார் இலாபம் பார்த்தது என்று விளக்க ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கவில்லை. எல்லோருக்கும் அது வெறும் பொய்ச் சண்டை.

இன்றைக்கு அதே மேடையில் சமி ஸெய்ன் இருக்கிறார். சிரியக் குடும்பத்துக் கனடியர், முஸ்லிம். முக்காடும் முகமூடியும் இல்லாமல், வெறும் நல்ல மனிதனாக, கூட்டம் தலையில் தூக்கி வைக்கும் நாயகனாக நிற்கிறார். போன வருடம் மே மாதம் ஜித்தாவில் கூட்டத்தோடு அரபியில் பேசினார். இந்த முறை முதல் நாளில் குந்தரோடு மோதுகிறார். குந்தர் தன் பட்டியை 2022 ஜூனில் வென்றவர். ஹசனிலிருந்து ஸெய்ன்வரை என்ன மாறியது, ஏன் மாறியது? உயர்தர ஊடகக் கல்வி வகுப்பிலேயே பேசக்கூடிய கேள்வி இது. நாம் "பொய்" என்று மூடி வைத்திருக்கிறோம்.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை, கோடிக்காகப் போன வாரம் என்னோடு சேர்ந்து கத்தியவர்களுக்கு. நாமும் யோக்கியம் இல்லை. இந்த வீரர்களைக் கம்பனி ஊழியர்களாக அல்ல, ஒப்பந்தக்காரர்களாகத்தான் வைத்திருக்கிறது. வருடக்கணக்காக அங்கே வேலை செய்பவனுக்கும் ஊழியனுக்குரிய பாதுகாப்பு இல்லை. கம்பனியை இவ்வளவு காலம் கட்டி ஆண்ட வின்ஸ் மெக்மஹோன்மேல் இந்த ஜனவரியில் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் மிகப் பாரதூரமான பாலியல் குற்றச்சாட்டுகளோடு வழக்குப் போட்டார். அவர் மறுக்கிறார், ஆனால் மறுநாளே பதவி விலகினார். "நமக்கென்ன, ஷோ நல்லா இருந்தாச் சரி" என்று நாம் கடந்து போனால், அதுவும் "பொய்தானே" என்று கடந்து போவதும் ஒன்றுதான். இரண்டிலும் அந்த மேடைக்குப் பின்னால் உள்ள மனிதர்கள் கணக்கில் இல்லை.

"நோன்பு காலத்தில் இதெல்லாம் தேவையா சேர்?" என்று கேட்டவருக்கு: கேள்வி நியாயம். அமெரிக்காவில் சனி இரவு ஏழு மணி என்றால் நமக்கு ஞாயிறு அதிகாலை 4.30. சஹர் முடிகிற நேரம். அதுவும் 27ஆம் இரவு. நேரடியாகப் பார்க்க மாட்டேன். அந்த இரவு அதற்குரியது. இரண்டு நாள் நிகழ்ச்சியையும் பெருநாள் முடிந்துதான் பார்ப்பேன், இன்ஷா அல்லாஹ். ஆசையைத் தள்ளி வைக்கப் பழகுவதும் நோன்பில் ஒரு பங்குதானே. அதுவரை வட்ஸ்அப் குழுமங்களில் யார் வென்றது என்று போடுகிறவரை, உறவென்றும் பார்க்காமல் புளொக் பண்ணுவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

கல்வியியற் கல்லூரியில் முதல் வாரத்திலேயே எங்களுக்குப் படிப்பித்த ஒரு விதி: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ. பிள்ளைக்குத் தெரிந்ததைக் கையில் எடு, அங்கிருந்து பாடத்தைத் தொடங்கு. எட்டாம் வகுப்பில் 40 பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒரு விடயம் அன்று தானாக என் கைக்கு வந்தது. விசை, உராய்வு, கழுத்தெலும்பு, கதை எழுதுவது, விளம்பரம், இனவாதம், தொழிலாளர் உரிமை, எல்லாவற்றுக்கும் வாசல் அதில் இருந்தது. என் மரியாதைக்குப் பயந்து நான் அந்த வாசலைச் சாத்தினேன். ஒரு பிள்ளையின் எலும்பு உடைந்தது.

ஆகவே பெற்றோரிடமும் சக ஆசிரியர்களிடமும் கேட்பது இதுதான்.

பிள்ளை கேட்டால் "பொய்" என்று சொல்லாதீர்கள். "யார் வெல்வது என்று முதலே எழுதியிருப்பாங்க. ஆனா விழுறது உண்மை, நோவு உண்மை, கழுத்து முறிஞ்சா உண்மையா முறியும். அவங்க வருஷக்கணக்கா பழகினவங்க, பழகினவங்களும் செத்திருக்காங்க" என்று சொல்லுங்கள். அரை நிமிடம்தான் போகும்.

பார்க்க விடுகிறீர்களென்றால் ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து பாருங்கள். யாரை நல்லவனாக, யாரைக் கெட்டவனாகக் காட்டுகிறார்கள், ஏன் என்று கேளுங்கள். பிள்ளை உங்களைவிட நன்றாகப் பதில் சொல்லும்.

பார்க்க விடவில்லையென்றால் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். பிள்ளை கோபப்படும். ஆனால் உங்களை நம்பும்.

பெருநாள் லீவு முடிந்து பாடசாலை தொடங்கியதும் அந்த எட்டாம் வகுப்பில் முதல் பாடமாக, நான் அன்று சொன்னது பிழை என்று சொல்லப் போகிறேன். விறாந்தையில் அதிபர் போனாலும் சொல்வேன். அவரிடமும் இந்தப் பதிவை அனுப்பியிருக்கிறேன்.

போன வெள்ளி தராவீஹ் முடிந்து வரும்போது பள்ளி வாசலில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். கைக் கட்டு அவிழ்த்திருந்தார்கள். தோளை மெதுவாக உயர்த்திக் காட்டினான். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, இரகசியமாகக் கேட்டான்.

"சேர், கோடி வெல்லுவாரா?"

"எழுதியாச்சுடா. எனக்கும் சொல்லல்ல. பெருநாளைக்குப் பொறகு பாப்பம்" என்றேன்.

"அப்ப அடி?"

"அடி உண்மை."

"தெரியும் சேர்" என்று தோளைத் தடவிக்கொண்டு போனான்.